நாலாம் மெசின்

பீல் நகரத்து முதியோர் இல்லத்தின்
நிலக்கீழ்ச் சலவை அறையில்
நாலாம் மெசின் நின்றால்
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கம்பனிக் கையேட்டில் ஒரே வரி:
திருத்துபவரை அழைக்கவும்.
எனக்குத் தெரிந்ததோ
வடிகுழாய் மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தி
இருபது எண்ணி இறுக்குவது.

மூன்று வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை.
லீவு நாளிலும் போன் அடிக்கும்.
"கௌசலை, நீ இல்லாமல் ஏலாது" என்பாள் டிராகானா.
அந்த ஒரு வசனத்துக்காகத்தான்.

பிறகொரு சனிக்கிழமை
என் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது.
டெஸ்ஃபாய் விடியும்வரை
ஈரப் போர்வைகளைக் கையால் பிழிந்தானாம்.
திங்கள் காலை
கொப்பியைத் திறக்க அவன் விரல்கள் மடங்கவில்லை.

எழுதினேன், எனக்கு வந்த டொச்சில்.
மூடியின் படத்தையும் கீறினேன்.
மேற்பார்வையாளர் சிவப்பு மையால்
டெர், டீ, டாஸ் எல்லாம் திருத்தினார்.
கீழே டெஸ்ஃபாயின் கோணல் எழுத்து:
"குளிர்காலத்தில் இருபது காணாது. இருபத்தைந்து."

அது எனக்குத் தெரியாது.

இன்று ஞாயிறு. வெளியே பனி.
மெசின் நின்றிருக்கும், ஓடியுமிருக்கும்.
மேசையில் போன், முழுச் சார்ஜோடு,
சும்மா கிடக்கிறது.
இருபத்திமூன்று, இருபத்திநாலு...