அரைப்புள்ளி

கோனாபட்டு. கோயில் கணக்கறை.
ஞாயிறு காலை பதினொன்று.
மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும்
இரண்டில்தான் சுற்றியது.

ஊருக்கென்று ஒரு மென்பொருள் எடுக்க வேண்டும்.
வரவு செலவு, கல்யாணப் பதிவு,
எந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்ற விவரம்,
பிறகு, எல்லாரும் சண்டை போட ஓர் இடம்.
கடைசியதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்றார்கள்.

பழையது சிகாகோவில் இருந்த ஒருவர் செய்தது.
அவர் வேலை போனது, பிறகு அவர் எண்ணும் போனது,
கூடவே கடவுச்சொல்லும்.
பூட்டின வீட்டை வெளியே நின்று பார்ப்பதுபோல்
மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
முகப்பில் இன்னமும்
என்றோ முடிந்த பிள்ளையார் நோன்புக்கு அழைப்பு.

ஜெய்லானி புதுவயலிலிருந்து பைக்கில் வந்திருந்தார்.
கவிழ்த்த அண்டாவின் மேல் மடிக்கணினி.
"இது இலவசம்ங்க."
"இலவசம்னா?"
"காசு வேணாம். பராமரிப்பு நம்மது.
ஓடு மாத்துற மாதிரி, அப்பப்ப மாத்தணும். இல்லாட்டி ஒழுகும்."
ஒழுகும் என்றதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.
நாற்பது பங்காளி வீட்டில்
ஓடு மாற்ற யார் காசு என்ற கேள்வியை
நாங்கள் மதுரைக் கிளை நீதிமன்றம்வரை அறிவோம்.

இன்னொன்று வாடகைக்கு. மாதம் முப்பது டாலர்.
"கட்டாம விட்டா?"
"மூடிருவாங்க."
"உள்ளே இருக்கிறது?"
ஜெய்லானி தண்ணீர் குடித்தார்.
பினாங்கிலிருந்து திரையில் வெள்ளையப்ப அண்ணன்,
உதடு முன்னால், குரல் பின்னால்:
"வட்டிக்கு விட்ட ஊருப்பா. வாடகையா கொடுக்கிறது?"

"அழிக்கிற உரிமை யாருக்குக் கொடுக்கலாம்?"
ஒன்பது பேர் கமிட்டியில் பத்துக் கை உயர்ந்தது.
"கேக்கிறவங்களுக்குப் பதில் போட?"
மின்விசிறி, இரண்டில்.

வீட்டு விலாசத்தையே பெயராக வைக்க
சாத்தப்பனுக்கு ஆசை.
சா.ராம.மெ. என்று தட்டினார்.
சிவப்பில் வந்தது: பெயரில் புள்ளி கூடாது.
"புள்ளி இல்லாம அப்புறம் என்ன ஊரு?"
அதற்கு மட்டும் எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த கட்டம்: வீட்டுக்கு எத்தனை புள்ளி.
கணவன் மனைவி சேர்ந்து ஒன்று. ஏற்றது.
பிறகு குரலைத் தாழ்த்தினார், நான் இருக்கிறேனே.
"தம்பி, இது அரை ஏத்துக்குமா?"
0.5
மறுத்தது.
முழு எண் மட்டும்.
வாடகைக்கு வருவதும் மறுத்தது.

பதினோரு வருடமாக ஊர் ஏட்டில் நான் அரை.
வரியும் பாதிதான், சலுகை என்பார்கள்.
அந்த ஏட்டைக் கூட்டிக் கழித்து
தணிக்கைக்குக் கொடுப்பது நான்.
அதற்குப் பாதி ஆள் போதாது.

"ஒண்ணும் பிரச்சினையில்லைங்க," என்றார் ஜெய்லானி,
"அரை வர்ற மாதிரி செஞ்சிரலாம். ஒரு வரிதான்."
உட்புறத்தைத் திறந்து காட்டினார்.
கறுப்புத் திரையில் எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து.
வரிக்கு வரி, கடைசியில்
ஒரு புள்ளி, அடியில் சிறிய வால்.

"இது என்ன?" என்றேன்.
கூட்டம் தொடங்கியதிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி.
"இதுங்களா அக்கா, அரைப்புள்ளி.
இதை ஒரு இடத்தில விட்டுட்டாலும்
மொத்தமும் நின்னுபோகும்."

யாரும் எதுவும் பேசவில்லை.
பினாங்கில் யாரோ இருமினார்கள்,
அதுவும் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது.
வெளியே யாரோ
அண்டாவைத் திருப்பிக் கேட்டார்கள்.

"சிகப்பி, எழுதிக்கிட்டியா?" என்றார் சாத்தப்பன்,
என்னைப் பார்க்காமல், என் பேனாவைப் பார்த்து.
எழுதிக்கொண்டேன்.

இலவசமானதை எடுப்பது;
ஓடு மாற்றும் செலவு பொதுவில்;
கடவுச்சொல் மூன்று பேரிடம், அதில் ஒருவர் நான்;
எண் கட்டத்தில் கை வைக்க வேண்டியதில்லை, முழு எண் மட்டும்;
அடுத்த கூட்டம் தை இரண்டாம் ஞாயிறு;