பென்சில்காரி

சயானில் ஏறினால் ஒரு பிணம் கிடைத்துவிடும்.
தாதர் வருவதற்குள் சந்தேகத்துக்கு மூன்று பேர்.
பைகுல்லாவில் விளம்பரம்:
மெத்தை, பத்து வருட உத்தரவாதம்.
வலது காதில் கொலை ஓடும்.
இடது காது வெறுங்காது,
நாலாவது சீட்டுக்கு நகரச் சொல்லும் குரல்
அதில்தான் விழ வேண்டும்.

வீட்டில் திரை.
அதில் துப்பறிகிறவர்கள் எல்லோருக்கும்
நனைந்த கோட்டு, தூங்காத கண்,
விட்டுப்போன மனைவி.
முதல் பாகத்திலேயே ஞானதுரை
சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்:
"தாடிக்காரன்தான்."
எட்டாம் பாகத்தில்
தாடிக்காரன்தான்.
இரண்டு நாள் அவனோடு நான் பேசவில்லை.

லேபர் கேம்ப் பழைய பேப்பர் கடையில்
சுடலைமுத்து நாவலை எடை போட்டுத்தான் தருவார்.
கொலை கிலோ நாற்பது ரூபாய்,
காதல் முப்பத்தைந்து.
கடைசிப் பக்கம் இல்லையென்று
திரும்பி வந்து நிற்கக்கூடாது.

அப்படி வந்த ஒன்றுக்கு அட்டை இல்லை.
அட்டையோடு பெயரும் போயிருந்தது.
எஸ்டேட் பங்களா, பாலில் விஷம்,
சமையல்காரி வேணி,
மீசையைத் தடவும் இன்ஸ்பெக்டர்.
எனக்கு முன்னால் யாரோ
பென்சிலோடு படித்திருந்தார்கள்.

பக்கம் ஒன்பது: "இந்த டாக்டர் சரியில்ல."
இருபத்திரண்டு:
"கரண்ட் போயிருச்சுன்னு போன பக்கம்தான் சொன்னான்.
இருட்டுல சேலை நிறம் எப்பிடித் தெரியும்?"
நான் கவனிக்காமல் தாண்டிய ஓட்டை அது.
நாற்பது: "வேணி செய்யல."
நாற்பத்தேழு: "செய்யல."
ஐம்பத்துமூன்றில் எழுத்தே இல்லை,
தாள் கிழியும் அளவுக்கு ஒரு கோடு.

அறுபத்தொன்றில் மஞ்சள் கட்டைவிரல்.
எழுபதுக்கும் எழுபத்தொன்றுக்கும் நடுவே
ஒரு சீசன் டிக்கெட், குர்லா – மஸ்ஜித்.
பெண், வயது முப்பத்தொன்று.
பெயர் இருந்த இடம் நனைந்து ஊதாவாகியிருந்தது.

பாலில் விஷம் வைத்தது யாரென்று
அதற்கப்புறம் நான் யோசிக்கவே இல்லை.
அடுப்பில் குழம்பு கொதிக்கப் படித்தாளா,
மஸ்ஜித் கிடங்கில் மஞ்சள் மூட்டை
எண்ணிக்கொண்டே படித்தாளா?
இரண்டாவதுதான் என்கிறேன்.
கணக்கெழுதும் கைதான்
எழுத்துக்குக் கீழே இப்படிக் கோடு போடும்.
ஞானதுரையிடம் சொன்னேன்.
"புஸ்தகத்தை எடைக்குப் போட்டவ,
உனக்கென்ன?" என்றான்.
அவளா போட்டாள்?
அதுவும் தெரியாது.

அந்த வாரம் காதில் ஓடியது உண்மையாக நடந்தது.
இருபது நிமிடம் அவளைச்
சடலம், சடலம் என்றார்கள்.
பின்னணியில் வயலின் வேறு.
இருபத்தொன்றில் பெயர் வந்தது,
தப்பான உச்சரிப்போடு.
உடனே மெத்தை.
பென்சில்காரி இருந்தால்
"பேரை மொதல்ல சொல்லுங்க" என்று
ஓரத்தில் எழுதியிருப்பாள்.
காதில் கேட்பதற்கு ஓரம் ஏது?
கழற்றிப் பைக்குள் போட்டேன்.
பெட்டி முழுக்க வளையலும் இரைச்சலும்
இரண்டு காதிலும் ஒன்றாக வந்தன.

மீதியைச் சின்ச்போக்லியில் தொடங்கினேன்.
கடைசிப் பக்கம் இருந்தது.
இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து
மீசையைத் தடவுகிறார்.
வேணி ஒப்புக்கொள்கிறாள்.
நான்தான், நான்தான் என்று
அவர் காலில் விழுகிறாள்.
முற்றும்.

முற்றும் என்பதற்குக் கீழே
அதே பென்சில்,
இந்த முறை அழுத்தமில்லாமல்:
"அடிச்சிருப்பாங்க."

மஸ்ஜித் வந்தது.
இறங்குகிற கைகளைப் பார்த்தேன்,
கண்ணாடி வளையல், டிபன் பை, மருதாணி.
மஞ்சள் எதுவும் தட்டுப்படவில்லை.
வண்டி நகர்ந்தது.
கடைசி ஸ்டேஷனுக்கு
இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.
ஒன்பதாம் பக்கத்துக்குத் திரும்பினேன்,
அந்த டாக்டரைப் பார்க்க.