இருபத்தேழாம் படம்

நாற்பத்திரண்டு படங்கள்,
நாற்பத்தொரு குறிப்பட்டைகள்.
இருபத்தேழாவது அட்டை
போன ஊரிலோ, அதற்கு முந்தைய ஊரிலோ
டெம்போவில் உதிர்ந்துவிட்டது.

மஞ்சக்குப்பத்தில் இரண்டு நாளுக்கு எடுத்த மண்டபம்.
புதிதாக ஆணி அடிக்கக்கூடாது என்று
ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்தார் மேலாளர்.
சீரியல் விளக்குக்கு அடித்திருந்த கல்யாண ஆணிகளில்
தொங்கவிட்டோம்
காலியான பள்ளிக்கூடங்களை,
திரும்பிப் போக ஊர் இல்லாத ஒருவர்
முகாமில் காயப்போட்ட சட்டையை.

முதல் நாள் வந்தவர்கள்
நோட்டில் 'அருமை' என்று எழுதினார்கள்.
எது அருமை என்று எழுதவில்லை.

இரண்டாம் நாள், பகல் இரண்டு மணி.
விற்றுத் தீர்ந்த அன்னக்கூடையை
வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தார்
ராசாப்பேட்டை பூங்காவனம்.
வெயிலுக்கு ஒதுங்கத்தான் வந்தாராம்.
வரிசையாகப் பார்க்கவில்லை.
நேரே போய் நின்றது இருபத்தேழின் முன்னால்.

படகுத்துறை. ஈரச் சிமெண்டுத் தரை.
கையுறை போட்ட ஒருவன்
கறுப்புப் பைகளில் மீனைக் கொட்டுகிறான்.

"நேத்து மீனா?"
இல்லை, அன்றைக்குப் பிடித்தது.
கண்ணாடிமேல் விரலை வைத்து
செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
நகத்தால் ஒரு நெம்பு.
"செவப்பாத்தான இருக்கு.
கண்ணும் குழி வுழல.
அப்புறம் எதுக்குக் கொட்றான்?"

சொன்னேன்.
உலை, மீட்டர், கடலில் கலந்த தண்ணீர்.
சொல்லச் சொல்ல என் குரல்
ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி போலானது.

"பாத்தா தெரியாதா?"
தெரியாது.
"மோந்து பாத்தா?"
தெரியாது.
"ஆக்கித் தின்னா, ருசியில?"
தெரியாதும்மா.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு தெற்கே கையைக் காட்டினார்.
கடலூரில் அந்தத் திசைக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை.
"எங்களுக்காச்சும் ராத்திரியில நாத்தம் வந்து
தட்டி எழுப்பிவுடும்.
புள்ளங்கள இழுத்துப் போட்டுக்குனு
கதவ சாத்திக்குவோம்.
பாவம், இவனுக்கு அதுகூட இல்ல."

இவனுக்கு, என்றார்.
பக்கத்துத் துறைக்காரனைச் சொல்வதுபோல.

நோட்டை நீட்டினேன். எழுத வராதாம்.
"நல்ல மீனுதான்னு நீயே எழுதிக்க."
வாசலில் கூடையை எடுக்குமுன்
உள்ளங்கையை ஒருமுறை
மோந்து பார்த்துக்கொண்டு போனார்.

ராத்திரி படங்களைக் கழற்றுகையில்
பழைய அழைப்பிதழ் ஒன்றைக் கிழித்து
வெள்ளைப் பக்கத்தில் எழுதி ஒட்டினேன்:
அன்றைக்குப் பிடித்தது. செவுள் சிவப்பு.
கண் குழி விழவில்லை. நல்ல மீன்.

நாளை புதுச்சேரி.
மேலாளர் ஆணிகளை எண்ணினார்.
மூக்கைச் சுளித்தார்.
காலையில் நிச்சயதார்த்தம் இருக்கிறதாம்,
கூடமெல்லாம் மீன் வாடையாம்.
முன்பணத்தில் இருநூறு பிடித்துக்கொண்டார்.

நான் வாதாடவில்லை.
ஜன்னலைத் திறக்கவும் இல்லை.
இருந்த மட்டும் இழுத்துக்கொண்டேன்
சந்தேகமே வைக்காத அந்த வாடையை.