யாருக்க

களியல் தாண்டி வளைவில் பள்ளிக்கூடம்.
மூன்றாம் வகுப்பில் பதினான்கு பேர்,
மழை வலுத்தால் பதினொன்று.
பென்னாகரத்திலிருந்து வந்த எனக்கு
இது முதல் வேலை, இரண்டாவது ஆகஸ்ட்.

கரும்பலகையை நடுவில் பிரித்து
இந்தப் பக்கம் என்னுடையது, உன்னுடையது, அவளுடையது,
அந்தப் பக்கம் மைன், யுவர்ஸ், ஹெர்ஸ்.
கோடு நேராக வந்ததில் எனக்கே கொஞ்சம் பெருமை.

"ஸ்டெஜின், இந்தப் பென்சில் யாருடையது?"
"எனக்கதாக்கும் டீச்சர்."
"அப்படி இல்ல. என்னுடையது."
"டீச்சருக்கதா?"
பென்சிலைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை.
வாய் மாறினால் பொருளும் கைமாறிப்போகிற சொல்லை
எட்டு வயதில் யார் நம்புவார்கள்?
நான் சொன்னேன், பென்சில் போனது.
அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

பிறகு விளையாட்டாக்கிப் பார்த்தேன்.
சத்துணவுத் தட்டில் ஆளுக்கு ஒன்று போடச் சொல்லி
ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன்.
அபிஷாவின் கிளிப்.
ரமீசா பல்லால் கடித்துப் பாதியாக்கிய அழிரப்பர்.
பிரபினின் தண்ணீர் பாட்டில் மூடி.
"அவனுக்க மூடி."
"அவனுடைய மூடி. எல்லாரும் சொல்லுங்க, அவனுடைய."
"ஒடையாது டீச்சர், பிளாஸ்டிக்காக்கும்."

நான் சிரித்ததை அவர்கள் மன்னித்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன்.
வரிசை வரிசையாக, இடுப்பில் சிரட்டை கட்டி நிற்கிற மரங்கள்.
பிரஜிதா, மரம் யாருடையது?
"மொதலாளிக்க."
பால்?
"மொதலாளிக்க."
சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்குமே, அது?
"அதும்."
கத்தி?
"எனக்க அப்பனுக்க."
அந்த ஒரு பதிலுக்கு மட்டும் எழுந்து நின்றாள்.
உட்கார்ந்த பிறகு, யாரும் கேட்காமலே:
"மழையானா வெட்டு இல்ல டீச்சர்.
அப்பன் வீட்டில கெடக்கும்."
மழை நாளில் வராத மூன்று பேரை
வருகைப் பதிவேட்டில் இனி எப்படிக் குறிப்பது என்று
அப்போதுதான் எனக்குக் குழப்பம் வந்தது.

மணி அடித்தது. அவரவர் பொருள் அவரவர் கைக்குப் போனது.
தட்டில் மிஞ்சியது ஒரு ரப்பர் கொட்டை,
புள்ளி புள்ளியாக, எண்ணெய் தடவியது போல.
யாருடையது?
எனக்கதில்ல. எனக்கதில்ல. அவனுக்கதாக்கும். இல்ல, எனக்கதில்ல.
பதினோரு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.
கல்லில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைப்பது அது,
போன வாரம் நான்தான் தடை போட்டேன்.
யாருடையதும் அல்லாததற்கு
என் அட்டவணையில் இரண்டு பக்கமும் கட்டமில்லை.
கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

குலசேகரம் பஸ்.
ஈரக் கூட்டம், மீன் கூடை, நகராத ஷட்டர்.
கொட்டையை எடுத்து ஜன்னல் கம்பியில் தேய்த்தேன்,
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு,
வேகமாக, இன்னும் வேகமாக,
பிறகு மணிக்கட்டில் வைத்தேன்.
சுரீரென்றது.
எனக்குச் சுட்டது.

எனக்கு.
ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன்:
கு என்றால் நான்காம் வேற்றுமை, கொடுத்தால் வாங்குகிற இடம்.
உடைய என்றால் ஆறாவது, வைத்துக்கொள்கிற இடம்.
நடுவில் ஒரு வேற்றுமை முழுதாகக் கிடக்கிறது.
இந்த ஊரில் அதைத் தாண்ட
கடைசி எழுத்தில் உதடு குவியாமல் இருந்தால் போதும்.

திற்பரப்பு நிறுத்தத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது.
கண்டக்டர் சீட்டுக்கடியிலிருந்து நனைந்த ஒன்றைத் தூக்கிக்
கம்பிக்கு மேலே பிடித்தார்.
"இது யாருக்க கொடை? யாருக்க கொடையின்னேன்?"
என்னுடையதுதான்.
வாய் வரை இரண்டு சொல் வந்து
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.
நான் கையை மட்டும் உயர்த்தினேன்,
மணிக்கட்டில் சிவப்பாக, கொட்டை அளவு.