கல்லுக்குள் ஒரு காய்

எங்கள் ஊரில் மரம் என்றால்
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
காற்றைத் தடுக்க நட்ட பதினோரு பாப்லார்.
அதில் இரண்டு பட்டுப்போனவை.

கத்தரிப்புக் காலம் முடிந்திருந்தது.
நாளைக்கு நூறு ஆட்டுக்கு ரோமம் எடுத்த கை
சும்மா கிடந்தால் வலிக்கும்.
சுபுத் மேட்டில் கூடாரம் போட்டவர்கள்
கல் உடைக்க ஆள் கேட்டார்கள்.
போனேன்.

வெளிறிய கல். எரிமலை துப்பிய சாம்பல்
ஏரியடியில் படிந்து இறுகியதாம்.
ஆட்டின் விலாவில் கத்தரி தானே வழுக்கும் ஓர் இடம் உண்டு;
கல்லுக்கும் உண்டு.
அங்கே உளியை வைத்து ஒரு தட்டு.
திறந்தால் இலை.
மறுபடி இலை.
புழு தின்ற ஓட்டையோடு இலை.
ஐந்து கோடியே இருபது லட்சம் வருஷம் என்றார்கள்.
எலிசெயோ நாவெல்கிர் என்ற பேருக்கு எதிரே
கூலிச்சீட்டில் அத்தனை சுழியம் விழுந்ததில்லை.

பதினேழாம் நாள்,
காற்று கூடார முளையைப் பிடுங்கிய மதியம்,
அது வந்தது:
ஒரே காம்பில் நெருக்கியடித்துக்கொண்டு
செதில் மூடிய பிஞ்சுக் காய்கள்.

போர்னியோவிலிருந்து வந்த ஜூலிட்டா கிம்பாங்
மூன்று சட்டைக்கு மேல் என் பொன்சோவையும் போர்த்தி
வெடவெடத்துக்கொண்டிருந்தாள்.
கல்லைப் பார்த்ததும் நடுக்கம் நின்றது.
"பெராங்கான்" என்றாள்,
வெளியூர்ச் சந்தையில் சித்தப்பாவைக் கண்டவள்போல.

வீட்டுக் கொல்லையில் உதிருமாம்.
பன்றிக்கு முந்தி ஓடிப் பொறுக்கவேண்டுமாம்.
வறுத்தால் படீரென்று வெடிக்குமாம்.
உப்புப் போடுவீர்களா என்று கேட்டேன்.
"சிலர்" என்றாள்.

ஒரு காயை வைத்துக் காட்டுக்கே ஜாதகம் எழுதுவதா
என்று ராத்திரி அவர்களுக்குள் சண்டை.
வேறு மரத்தின் சாயலாக இருக்கலாம் என்றார் தாடிக்காரர்.
ஜூலிட்டா மேசையில் சிந்திய மாவைப் பரப்பி
விரலால் கோடு போட்டாள்.
இது நீங்கள்.
இது அண்டார்க்டிக்கா, அன்றைக்குப் பனி இல்லை.
இது ஆஸ்திரேலியா.
மூன்றும் கைகோத்து நின்றன.
பிறகு கை விட்டது. கடைசித் துண்டு வடக்கே போனது,
ஏறியிருந்த மரங்களோடு.

மரம் எங்கே நடக்கிறது?
ஒரு விதை தள்ளி விழும்.
அதன் விதை இன்னும் கொஞ்சம் தள்ளி.
தாய் நின்ற இடத்திலேயே சாகும்.
மழை எந்தப் பக்கம் போனதோ
அந்தப் பக்கம் விழுந்தவை பிழைத்தன.

இங்கேயே நின்றவை? என்றேன்.
கல்லைக் காட்டினாள்.

எங்கள் ஆட்களையும் ஒருகாலத்தில் நடத்தினார்கள்,
துப்பாக்கிமுனையில்.
அதற்கு மாவில் கோடு போட
யாருக்கும் தோன்றவில்லை.
நானும் சொல்லவில்லை.
குழம்பில் மிச்சக் கறியைத் தேடினேன்.

மறுநாள் காயைக் கழிப்பறைக் காகிதத்தில் சுற்றிப்
பெட்டியில் வைத்தேன்.
விலை மதிப்பில்லாததை
அதில்தான் சுற்றுகிறார்கள்.

ஏப்ரலில் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது.
இரும்புச் சட்டியில் கறுத்த காய்கள்,
ஒன்று வெடித்து வெள்ளை தெரிய.
பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மழை.
இரண்டு விரலால் மழையைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கட்டம் கட்டமாக உடைந்தது.