அலை நடந்த கணக்கு

ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட கறுப்புப் பட்டை
முதல் தங்கலிலேயே
பத்தொன்பதாயிரம் அடி காட்டியது.

நான் நடந்ததெல்லாம்
ஸ்டியரிங்கில் இருந்து அடுப்புக்கு,
அடுப்பில் இருந்து ஸ்டியரிங்குக்கு.
மண்டபம் வடகடல். சனிக்கிழமை.
வாடை தூக்கித் தூக்கிப் போட்டது விசைப்படகை.
இஞ்சின் மேல்பலகையில் நான் உறங்கிக் கிடக்க
என் கையைப் பிடித்துக்கொண்டு
விடியும்வரை கடல் நடந்திருக்கிறது.

சபாஷ் இன்னாசி என்றது போன்,
பச்சை வட்டத்தை நிறைத்து.
அந்தச் சந்தோஷத்தில் டீக்கு
இன்னொரு கரண்டி சீனி.

தை கடைசியில் எடுத்த
மூன்று மாதச் சர்க்கரை பதினொன்று.
முத்துராக்கு சிஸ்டர்
தாளைப் பார்த்தார், போனைப் பார்த்தார்,
"அடி கூடுது, சீனி குறையலையே.
யார் கையில கட்டிவிட்டீங்க இதை?"
"வடகடல் கையில" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
செருப்பைக் கழற்றி, கண்ணை மூடச் சொன்னார்.
"தொட்டா சொல்லுங்கண்ணே."

பத்து இடம் தொட்டாராம்.
மூன்றுக்குத்தான் சொன்னேன்.

கண்ணைத் திறந்தால்
அவர் விரலிடுக்கில் விரல் நீளத்துக்கு
ஒரு நைலான் நரம்பு.
தூண்டிலில் நாங்கள் கோக்கிற அதே சாதி.
இருபத்தாறு வருஷம்
ஊர் நரம்பெல்லாம் சிக்கெடுத்தவனுக்குத்
தன் நரம்பு அறுந்தது தெரியவில்லை.

சித்திரையில் தடைக்காலம் வந்தது.
படகு கரையேறிப் பெயிண்ட் பூசிக்கொண்டது.
கடல் என் கையை விட்டது.
முதல் நாள் கணக்கு
அறுநூற்று நாற்பது.
அதிலும் பாதி
சீட்டுக் கலைத்ததாக இருக்கும்.

இப்போது பொழுது சாய நடக்கிறேன்,
மரைக்காயர்பட்டினம் தாண்டி
வேதாளை மணல்வரைக்கும்.
பட்டை இல்லாத பெனித்தாளும் வருகிறாள்,
கருவாட்டு விலை, சங்கத்துக் கடன்,
பேசிக்கொண்டே என்னை முந்துகிறாள்.
திரும்புகாலில் நின்றுவிட்டாள்.
"கால் வலிக்குதுப்பா."
எனக்குப் பொறாமையாக இருந்தது.

மணிக்கட்டில் சின்னதாய் ஓர் அதிர்வு.
நாலாயிரம்.
கால் சொல்லாததைக் கை சொல்லிக்கொண்டிருக்கிறது.

வீட்டு வாசலில் உட்காரவைத்து
டார்ச் அடித்துப் பாதம் பார்க்கிறாள் தினமும்.
நேற்று, குதிகால் ஓரம்
ஒரு சிப்பித் துண்டு,
சுற்றிலும் காய்ந்த ரத்தம்.
எத்தனையாவது அடியில் ஏறியது என்று
பட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்தோம்.
அதற்கும் தெரியவில்லை.