விடைத்தாள் எண் 0417

ஒரு தாளுக்கு அறுபது சென்டிமோ கூலி.
நூறு தாள் திருத்தினால்
ஒரு வாரத்து வாடகை கழியும்.
புனோ நகரத்துப் பழைய தானியக் கிடங்கில்
நாற்பது பேர் குனிந்திருக்கிறோம்,
கம்பளிக் கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு,
சிவப்புப் பேனாவோடு.

மூன்றாம் வகுப்பு, சமூக அறிவியல்.
விடைக்குறிப்பு லிமாவிலிருந்து வந்திருக்கிறது.
அங்கே இவ்வளவு குளிராது.

இந்தத் தாள் ஈரத்தில் ஊறி உப்பிக் காய்ந்தது.
பெயர் இல்லை, எண் மட்டும்.
பெயருக்குப் பதில் மீன் வாசனை.

உன் வீடு இருக்கும் இடத்தை
வரைபடத்தில் குறிக்கவும்.
தித்திகாகா ஏரியின் நீலத்துக்குள்
இரண்டு புள்ளிகள்.
ஒன்றுக்கு மீசை வரைந்திருக்கிறது பிள்ளை.

விடைக்குறிப்பு திட்டவட்டமானது:
ஒரு புள்ளிக்கு இரண்டு மதிப்பெண்,
கூடுதல் புள்ளி இருந்தால் பூச்சியம்.

போட்டேன் பூச்சியம்.
கோரையை அடுக்கி அதன்மேல் குடியிருப்பவர்களை
எனக்கும் தெரியும்.
அடியில் அழுக அழுக
மேலே புதுக்கோரை போட்டுக்கொண்டே இருப்பார்கள்.
சனிக்கிழமைச் சந்தையில் அவர்களிடம்
வெட்கமில்லாமல் பேரம் பேசியிருக்கிறேன்.

உன் ஊரின் வரலாறு எத்தனை ஆண்டுகள்?
"இரண்டு மீட்டர்.
பள்ளிக்கூடத்துத் தீவு மூன்று மீட்டர்.
அவர்கள் எங்களுக்கு முந்தி."

ஆண்டைக் கேட்டால் ஆழத்தைச் சொல்கிறது.
பேனா கொஞ்ச நேரம் காகிதத்தில் படவில்லை.

விலை என்றால் என்ன?
"ஒரு வாளி இஸ்பி மீனுக்கு
இரண்டு தொப்பி உருளைக்கிழங்கு.
மழை பொய்த்த வருஷம் ஒன்றரை.
அத்தையின் தொப்பியால் அளக்க வேண்டும்,
அவளுக்குத் தலை பெரிசு."

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து நாற்காலி ஹசிந்தா திக்கோனா
திரும்பிப் பார்த்தாள்.
அவள் இன்று நூற்றிருபதைத் தாண்டிவிட்டாள்.
சிரிப்பவனுக்குக் கட்டுப்படியாகாது இந்த வேலை.

அரசு எதற்கு?
சட்டம் இயற்ற, வரி வசூலிக்க,
எல்லை காக்க என்கிறது லிமா.
பிள்ளை ஒரே சொல்லில் தொடங்குகிறது:

"ரம்பம்.
இரண்டு வீட்டுக்கு ஒத்துப்போகவில்லை என்றால்
எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள்.
மறுபடியும் பேசுவார்கள். சூப் ஆறிவிடும்.
அப்புறமும் முடியாவிட்டால்
தீவை அறுத்துவிடுவார்கள்.
ரம்பம் யார் வீட்டில் இருக்கிறது என்று
சொல்லக் கூடாது.
ஈஸ்டருக்கு மறுநாள் அறுத்தார்கள்.
சித்தப்பா வீடு இப்போது
கை ஆட்டினால் தெரியும் தூரம்.
பூனை அவர்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தது."

முன்பக்கம் திருப்பினேன்.
மீசை வைத்த புள்ளி அங்கேயே இருந்தது.

நானும் அண்ணனும் பிரித்துக்கொள்ள
ஒரே ஒரு வீடுதான், மூன்று அறை.
எங்களுக்கு ரம்பம் பிடிப்பவர் வக்கீல்.
ஏழு வருஷமாக இழுக்கிறார்,
முன்னும் பின்னும்,
இன்னும் கோடுகூட விழவில்லை.
மரத்தூள் மட்டும் பில்லாக வருகிறது.

மேற்பார்வையாளர் பார்ரெதா
பத்துத் தாளுக்கு ஒன்றை உருவிப் பார்ப்பார்.
குறிப்பை மீறியிருந்தால்
அந்தத் தாளின் கூலி கிடையாது.
அவர் செருப்புச் சத்தம்
மூன்றாம் வரிசையில் கேட்டது.

நான்காவதுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.
முதல் கேள்வியின் பூச்சியத்துக்கு
ஒரு வாலும் அடிக்கோடும் இழுத்துப் பார்த்தேன்.
இரண்டு போலத்தான் இருக்கிறது,
கொஞ்சம் தொப்பை வைத்த இரண்டு.

உருவினார். இதைத்தான்.

அறுபது சென்டிமோ.
சந்தையில் அதற்கு எத்தனை இஸ்பி வரும்,
எத்தனை உருளைக்கிழங்கு,
யார் தொப்பியில்?

0418.
காய்ந்த தாள். நல்ல கையெழுத்து.
ஒரே ஒரு புள்ளி, நகரத்தின் நடுவில்.
எல்லாம் சரி.